கணவாய்க்குப் பயப்படாத ஊர்

கஸ்தூரியார் வீதி, போன் திருத்தும் கடைக்கு மேலே
வாடகை அறை. சனிக்கிழமை, ஆறரை.
பத்து முகப் பகடை இரண்டு,
பென்சில் மூன்று, நெக்டோ ஒரு போத்தல்.
கதை நடத்துவது நான்.
பகலில் நில அளவைக் கந்தோரில்
எல்லைக் கல் தேடுகிறவள்.

விதிப்புத்தகம் குளிர்தேசத்துக்காரருடையது.
உயிருக்கு ஒரு கட்டம்,
அதற்குக் கீழே சித்தத்துக்கு ஒரு கட்டம்.
பார்க்கக் கூடாததைப் பார்த்தால் பகடை உருட்டு;
எண் தவறினால் சித்தத்தில் கழி.
வாளால் ஒன்றும் ஆகாது.
வென்றவர் என்று யாருமில்லை,
மிச்சமிருப்பவர் இருப்பார்.

முதல் கிழமை புத்தகம் சொன்னபடியே சொன்னேன்.
மூடுபனித் துறைமுகம், மீன் நாற்றம்,
அலையைப் பிளந்து எழும்பும்
வழுவழுத்த, எண்ண முடியாத கைகள்.
விளக்கை நூர்த்து, குரலைத் தாழ்த்தி.

மெறின் குருநகர்க்காரன், ஐஸ் கொம்பனியில் வேலை.
"கணவாய்தானே?" என்றான்.
"கிலோ என்ன விலைக்குப் போகும்?"
ஷிஃபானாவுக்கு நெக்டோ மூக்கில் ஏறியது.
அந்த மீன் நாற்றப் பந்தியைப்
பாசையூர்ச் சந்தையில் போய் வாசி என்றார்கள்.
அன்று ஒருவருக்கும் ஒரு புள்ளி குறையவில்லை.

வேலை நேரத்திலும் யோசித்தேன்.
புத்தகம் எழுதின ஆட்களுக்குக் கடல் அந்நியம்.
எங்களுக்கு எது?
இந்தக் குடாநாட்டில் ஆறு கிடையாது.
குடிப்பதெல்லாம் காலுக்குக் கீழே,
சுண்ணாம்புக் கல்லின் ஓட்டைகளுக்குள்
உப்புத் தண்ணீரின் முதுகில்
மெல்லிசாய் மிதக்கிற நல்ல தண்ணீர்.
ஒரு பஞ்சின் மேல் வீடு கட்டி
மதில் வழக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த சனி அவர்களை நிலாவரைக்குக் கூட்டிப்போனேன்,
மேசையை விட்டு எழும்பாமலே.
கல்லைக் கட்டிக் கயிறு விட்டார்கள்.
இருபது பாகம். நாற்பது. எண்பது.
தயாபரன் நீர்வழங்கல் சபை ஆய்வுகூடத்தில் இருப்பவன்,
கிணறுகளைச் சின்னப் போத்தல்களில் அடுக்கி வைப்பவன்.
"எல்லாத்துக்கும் அடி இருக்கு," என்றான்,
"இதையும் அளந்திருக்கினம்."
"ஓம், இருக்கு," என்றேன். "இன்னும் விடு."

கை வரவில்லை. கண் வரவில்லை.
பெயர் சொல்லி ஒன்றும் கூப்பிடவில்லை.
கயிறு இறங்கியபடியே இருக்க,
ஷிஃபானாவின் கதிரைக்குப் பின்னால்
அதன் மற்ற நுனி கிடக்கிறது, என்றேன்.
ஈரமாக.
கல் இல்லை. நீங்கள் போடாத ஒரு முடிச்சு.

ஷிஃபானா திரும்பிப் பார்த்தாள்,
விளையாட்டுக்காகவா என்று கேட்கத் தோன்றவில்லை.
"என்ன வேணுமாம் அதுக்கு?" என்றான் மெறின்.

அந்த இடத்துக்கு ஒரு விடை எழுதி வைத்திருந்தேன்.
பலி, சாபம், புதையல் காக்கும் பூதம்.
எங்களூர்ப் பேய்களோடு ஒரு கணக்கு இருக்கிறது:
பொங்கினால் போகும், நூல் கட்டினால் நிற்கும்.
முனிக்கு முச்சந்தி தெரியும், உன் பரம்பரை தெரியும்.
பகைதான், ஆனாலும் பழக்கம்.
தாளை மடித்து வைத்தேன்.
"ஒண்டும் வேண்டாம்," என்றேன்.
"நீங்கள் இருக்கிறதே அதுக்குத் தெரியாது.
புரண்டு படுத்தது. அவ்வளவுதான்."

பகடை உருண்டது. தயாபரனுக்குத் தொண்ணூற்றேழு.
பதினொன்று கழி என்றேன்.
பென்சிலை எடுத்தவன் கழிக்கவில்லை.
"மே மாசம்," என்றான்,
"புத்தூர்ப் பக்கம் பதின்மூண்டு கிணறு.
ஒரே இரவிலை உப்பு ஏறினது, எல்லாத்திலையும் ஒரே அளவு.
மெசின் பிழையெண்டு எழுதிவிட்டன்."

அது என் கதையில் இல்லை.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
நடத்துகிறவர் எத்தனை கழிப்பதென்று
எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

கீழே கடைக்காரர் சட்டரை இழுத்துப் பூட்டினார்.
மெறின் யன்னலைச் சாத்தினான், பிறகு ஏனோ திறந்தான்.
நெக்டோ முடிந்திருந்தது.
ஷிஃபானா தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து
மூடியைத் திருகி ஒரு மிடறு குடித்தாள்.
நாங்கள் மூன்று பேரும்
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.